ஆன்லைனில் நைட்டி விற்கப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய வார்த்தைகள்

கேள்வி இது: பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் நைட்டி, இன்ஸ்கர்ட் வியாபாரம் செய்கிறார் ஒரு அக்கா. வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் பார்த்து வெளியூர்க்காரர்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மகள் ஆன்லைன் ஸ்டோர் போடலாம் என்கிறாள். ஆனால் கூரியர்காரர், பேமென்ட் கேட்வே ஆள், மார்க்கெட்பிளேஸ் ஆள் என யாரிடம் பேசினாலும் எஸ்.கே.யூ., ஏ.டபிள்யூ.பி., ஆர்.டி.ஓ., செட்டில்மென்ட், டி.சி.எஸ். என்று அடுக்குகிறார்களாம். அடிப்படையிலிருந்து சொல்லித்தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

அக்கா, இவற்றை அகராதி மாதிரி மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு நைட்டி உங்கள் ரேக்கிலிருந்து இறங்கி, அதற்கான பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறும் வரைக்கும் உள்ள வழியிலேயே பார்த்துக்கொண்டு போனால் எல்லா வார்த்தையும் அதனதன் இடத்தில் வந்துவிடும். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்தச் செலவு யார் தலையில் விழுகிறது, எப்போது? கடையில் கல்லாவுக்குப் பணம் வந்ததும் வியாபாரம் முடிந்தது. ஆன்லைனில் ஆர்டர் வேறு, விற்பனை வேறு, கைக்கு வந்த பணம் வேறு. புதிதாக ஆரம்பிப்பவர்கள் நஷ்டப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றென்று நினைப்பதால்தான்.

கடை எங்கே?

மார்க்கெட்பிளேஸ் என்பது அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோ மாதிரி அடுத்தவர் நடத்தும் சந்தை. கூட்டம் அவர்களுடையது, விதிகளும் அவர்களுடையவை. வாங்கியவரின் போன் நம்பர்கூட உங்கள் கைக்கு வராது. சொந்த ஸ்டோர் என்றால் உங்கள் பெயரில் ஓர் இணையதளம். ஷாப்பிஃபை போல மாதக் கட்டணத்துக்கு எடுக்கலாம். வூகாமர்ஸ் போன்ற இலவச மென்பொருளை வாடகை சர்வரில் போட்டும் நடத்தலாம். அந்த வாடகை சர்வர்தான் ஹோஸ்டிங். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய இணையப் பெயர் டொமைன். வெப்சைட் செய்து தருபவரின் மெயில் ஐடியில் டொமைனைப் பதிய விடாதீர்கள். உங்கள் மெயில், உங்கள் போன் நம்பரிலேயே பதியச் சொல்லுங்கள். பிற்பாடு அவருடன் மனஸ்தாபம் வந்தால் கடையின் பெயரே அவர் கையில் மாட்டிக்கொள்ளும்.

லிஸ்டிங், வேரியன்ட், எஸ்.கே.யூ.

ஒரு பொருளுக்கான பக்கம் லிஸ்டிங். அதில் படம், விலை, துணி வகை, அளவு எல்லாம் இருக்கும். ஒரே டிசைன் மூன்று நிறத்திலும் மூன்று அளவிலும் இருந்தால் அவை வேரியன்ட்கள். ஒரே பக்கத்துக்குள் ஒன்பது வேரியன்ட். ஒவ்வொன்றையும் தனி லிஸ்டிங்காகப் போட்டால் விமர்சனங்கள் ஒன்பது பக்கமாகச் சிதறிவிடும்.

எஸ்.கே.யூ. என்பது அந்த ஒவ்வொரு வேரியன்ட்டுக்கும் நீங்களே வைக்கும் அடையாளக் குறி. நைட்டிக்கு என்.டி., காட்டனுக்கு சி., மெரூனுக்கு எம்.ஆர்., கடைசியில் எக்ஸ்.எல். என்று நடுவில் கோடு போட்டு எழுதுவது நல்ல பழக்கம். ரேக்கிலும் அதே குறியை ஒட்டிவிட்டால் கடையில் நிற்கும் பையன் தப்பாக எடுக்க மாட்டான். இதில் மூன்று எச்சரிக்கை. குறியைப் பூஜ்யத்தில் ஆரம்பிக்காதீர்கள், எக்செல் ஷீட்டில் அந்தப் பூஜ்யம் மறைந்துவிடும். '3-12' மாதிரி எண்ணை மட்டும் வைத்தால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். அதை அப்படியே அப்லோட் செய்தால் ஸ்டாக் வேறு பொருளில் ஏறும் அல்லது எதிலுமே ஏறாது. ஒரு முறை வைத்த எஸ்.கே.யூ.வை, அந்த டிசைன் நின்றுபோன பிறகும் வேறு பொருளுக்குக் கொடுக்காதீர்கள். பழைய கணக்கு குழம்பிவிடும்.

நைட்டியில் ரிட்டர்ன் அதிகம் வருவதற்கு முதல் காரணம் சைஸ். ஒரு தயாரிப்பாளரின் எக்ஸ்.எல். மார்புச் சுற்றளவு 44 அங்குலம் இருக்கும், இன்னொருவருடையது 48 இருக்கும். எனவே சைஸ் சார்ட்டை எங்கிருந்தோ காப்பி அடிக்காமல், நைட்டியைத் தரையில் விரித்து ஒரு கையிடுக்கிலிருந்து மறு கையிடுக்கு வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். தோளிலிருந்து கீழ்மடிப்பு வரை நீளம் எடுங்கள். காட்டனாக இருந்தால் துவைத்ததும் சுருங்குமா என்பதையும் எழுதுங்கள். புது லாட் வந்தால் மறுபடியும் ஒரு பீஸை அளக்க வேண்டும்.

எம்.ஆர்.பி., தயாரித்தவர் அல்லது பேக் செய்தவர் பெயர் முகவரி, எந்த நாட்டில் தயாரானது என்பவை லிஸ்டிங்கில் இருக்க வேண்டும். சட்டமுறை எடையளவு விதிகள் கேட்பவை இவை.

கடைக் கவுன்ட்டரிலும் ஆன்லைனிலும் ஒரே சரக்கை விற்பீர்கள் என்பதால் இன்வென்டரி, அதாவது கையிருப்புக் கணக்கு, கொஞ்சம் தலைவலி கொடுக்கும். ஆடி, தீபாவளி நேரத்தில் கடையில் கடைசி பீஸ் போன பத்தாவது நிமிஷம் ஆன்லைனில் அதற்கே ஆர்டர் விழும். இதன் பெயர் ஓவர்செல். மார்க்கெட்பிளேஸில் நீங்கள் கேன்சல் செய்தால் அபராதமும் உண்டு, செல்லர் ரேட்டிங்கும் இறங்கும். கையில் ஆறு இருந்தால் ஆன்லைனில் நான்கு காட்டுங்கள். அந்த இரண்டுதான் பஃபர் ஸ்டாக்.

கூரியர் பேசும் வார்த்தைகள்

அதிகப் பணம் ஒழுகும் இடம் இது. கூரியர்காரர்கள் இரண்டு எடை பார்ப்பார்கள். தராசில் வரும் எடை டெட் வெயிட். பார்சல் வண்டியில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை வைத்துப் போடுவது வால்யூமெட்ரிக் வெயிட். சென்டிமீட்டரில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் கிலோ வரும். இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். பெரும்பாலும் 500 கிராம் ஸ்லாப், அதாவது ஒவ்வொரு 500 கிராமும் கட்டணத்தில் ஒரு படி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நைட்டி 350 கிராம். அதை 30க்கு 25க்கு 10 அட்டைப்பெட்டியில் வைத்தால் 7500, ஐந்தாயிரத்தால் வகுத்தால் ஒன்றரைக் கிலோ. மூன்று ஸ்லாப் கட்டணம். அதையே காற்றை அழுத்தி வெளியேற்றி, மட்டமாக மடித்து, 30க்கு 25க்கு 3 வரும்படி கூரியர் கவரில் போட்டால் 2250. வகுத்தால் 450 கிராம். ஒரே ஸ்லாப். துணிக்குப் பெட்டி வேண்டவே வேண்டாம். ஆனால் உள்ளே ஒரு பாலிதீன் கவர் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரமான பார்சலை வாங்குபவர் அப்படியே திருப்பி விடுவார்.

நீங்கள் 500 கிராம் என்று பதிந்ததைக் கூரியர் ஹப்பில் ஒரு கிலோ என்று மாற்றிப் போட்டால் அது வெயிட் டிஸ்க்ரெபன்சி. ஆட்சேபிக்கச் சில நாள் அவகாசம்தான் தருவார்கள். பேக் செய்த பார்சலை தராசில் வைத்து ஒரு படம், டேப் பிடித்து ஒரு படம் எடுத்து எஸ்.கே.யூ. வாரியாகப் போனில் வைத்திருங்கள். படம் இல்லாத ஆட்சேபணை நிற்காது.

ஏ.டபிள்யூ.பி. என்பது அந்தப் பார்சலின் கண்காணிப்பு எண். வாடிக்கையாளர் ட்ராக் செய்வதும் இதை வைத்துத்தான். பார்சல் மேல் ஒட்டும் ஷிப்பிங் லேபிள் பொதுவாக நாலுக்கு ஆறு அங்குலம். பார்கோடு மேல் பளபளக்கும் டேப் ஒட்டாதீர்கள், ஸ்கேனர் படிக்காமல் போகலாம். மேனிஃபெஸ்ட் என்பது அன்றைக்கு ஒப்படைத்த பார்சல்களின் பட்டியல். பிக்அப் பையனிடம் அதில் கையெழுத்து வாங்கி வையுங்கள், அல்லது அவர் ஸ்கேன் செய்து முடிக்கும் வரை விடாதீர்கள். பார்சல் தொலைந்தால் நீங்கள் கொடுத்ததற்கு ஆதாரம் அது ஒன்றுதான். பண்டிகை நெரிசலில் எம்.சி. ரோட்டுக்குள் வண்டி நுழைவதே கஷ்டம். பிக்அப் முகவரியைக் கடைக்குப் பதிலாக வீட்டுக்கோ, வண்டி வந்து நிற்கக்கூடிய இடத்துக்கோ மாற்றிக்கொள்ள முடியுமா என்று கணக்கு திறக்கும்போதே கேளுங்கள். சொன்ன நேரத்தில் அனுப்பாவிட்டால் மார்க்கெட்பிளேஸ் கணக்கில் அது உங்கள் தாமதம்.

பார்சல் வாசல் வரை போயும் கொடுக்க முடியாவிட்டால் என்.டி.ஆர். என்ற அறிக்கை வரும். வீடு பூட்டியிருந்தது, போன் எடுக்கவில்லை, முகவரி சரியில்லை என்று காரணம் எழுதியிருப்பார்கள். அன்றைக்கே வாடிக்கையாளருக்கு நீங்களே போன் போட்டு, மறுபடி முயற்சி செய்யும்படி கூரியரின் போர்ட்டலில் பதிய வேண்டும். சென்னை முகவரிகளில் பழைய எண், புதிய எண் குழப்பம் நிறைய. ஆர்டரை முடிக்கும்போது நிரப்பும் செக்அவுட் படிவத்தில் இரண்டு எண்ணும், பக்கத்து அடையாளமும் கேளுங்கள். பின்கோடு தப்பினால் பார்சல் வேறு ஹப்புக்கே போய்விடும். ராயபுரம் 600013, வண்ணாரப்பேட்டை 600021 என்று பக்கத்துப் பக்கத்து ஏரியாவுக்கே வேறு வேறு.

முயற்சிகள் எல்லாம் முடிந்தும் கொடுக்க முடியாமல் பார்சல் உங்களிடமே திரும்பினால் அதைத்தான் ஆர்.டி.ஓ. என்கிறார்கள். போன கூலி, பல கம்பெனிகளில் வந்த கூலியும், உங்கள் செலவு. வாங்கியவர் பார்சலைப் பிரித்துப் பார்த்துப் பிடிக்காமல் அனுப்புவது ஆர்.டி.ஓ. அல்ல, அது கஸ்டமர் ரிட்டர்ன். இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். முதலாவது கூடினால் சிக்கல் முகவரியிலோ, ஆர்டர் செய்தவரின் நோக்கத்திலோ இருக்கிறது. இரண்டாவது கூடினால் உங்கள் படத்திலோ சைஸ் சார்ட்டிலோ இருக்கிறது. திரும்பி வந்த எந்தப் பார்சலையும் லேபிள் தெரிய ஆரம்பித்து, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்துக்கொண்டே பிரியுங்கள். உடுத்திய நைட்டியோ வேறு துணியோ உள்ளே இருந்தால், மார்க்கெட்பிளேஸில் க்ளெய்ம் போட அது வேண்டும்.

சி.ஓ.டி.யா, ப்ரீபெய்டா?

சி.ஓ.டி. என்றால் கையில் பொருள் வந்ததும் பணம். ப்ரீபெய்ட் என்றால் ஆர்டர் போடும்போதே பணம். இதை எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். விற்பனை விலை 399 என்று வையுங்கள். அதில் 5 சதவீத ஜி.எஸ்.டி. 19 ரூபாய் போனால் 380. அடக்க விலை 210. மிச்சம் 170. கூரியர் 65, கவரும் லேபிளும் 6. இவையெல்லாம் ஜி.எஸ்.டி. நீங்கலாக, உதாரணத்துக்கு எடுத்த தொகை. உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

நூறு ஆர்டரும் ப்ரீபெய்ட், எல்லாம் போய்ச் சேர்ந்தது என்றால்: 17,000 ரூபாயிலிருந்து கூரியர் 6,500, பேக்கிங் 600, ஆன்லைனில் பணத்தை வாங்கித் தரும் கேட்வேயின் கட்டணம் 2 சதவீதம் என்றால் ஏறக்குறைய 800 போக, 9,100 நிற்கும்.

அதே நூறும் சி.ஓ.டி., 25 ஆர்.டி.ஓ. ஆனது என்றால்: விற்றது 75தான், மொத்த லாபம் 12,750. போகும் கூலி நூற்றுக்கும் 6,500. திரும்பிய 25க்கு 1,625. சேர்ந்த 75க்கு கூரியர் வாங்கும் சி.ஓ.டி. கட்டணம் தலைக்கு 35 வீதம் 2,625. பேக்கிங் 600. கையில் நிற்பது 1,400 ரூபாய். திரும்பி வந்தவை எல்லாம் புதிதாகவே வந்தன என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

சி.ஓ.டி.யை அடியோடு எடுத்துவிடச் சொல்லவில்லை. முதல் முறை வாங்குபவர் உங்களை நம்பக் காரணம் வேண்டும். ஆனால் வாங்குபவரிடம் சி.ஓ.டி.க்குத் தனிக் கட்டணம் வையுங்கள், அல்லது ப்ரீபெய்டுக்கு 30 ரூபாய் குறையுங்கள். அனுப்புமுன் வாட்ஸ்ஆப்பில் 'ஆர்டரை உறுதி செய்கிறீர்களா' என்று கேட்டு, பதில் வந்த பிறகு மட்டும் பேக் செய்யுங்கள். சி.ஓ.டி. பணம் கூரியர் கம்பெனியிடம் சேர்ந்து, அவர்கள் சொல்லும் சுழற்சி நாளில்தான் உங்களுக்கு வரும். அதன் பெயர் ரெமிட்டன்ஸ். இடைப்பட்ட நாட்களில் அடுத்த லாட் எடுக்க வேறு பணம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கேட்வே, செட்டில்மென்ட்

ஸ்டோரில் வாங்குபவர் யூ.பி.ஐ.யிலோ கார்டிலோ கட்டும் பணத்தை வாங்கி உங்கள் கணக்குக்கு அனுப்புவது பேமென்ட் கேட்வே. அவர்கள் கழித்துக்கொண்டு மொத்தமாக அனுப்பும் தொகை செட்டில்மென்ட். பெரும்பாலும் டி பிளஸ் 2, அதாவது பணம் கட்டிய நாளுக்கு அப்புறம் இரண்டு வேலை நாள். கார்டு பரிவர்த்தனைக்கு வியாபாரி தரும் கட்டணத்தை எம்.டி.ஆர். என்பார்கள். யூ.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி முதல் எம்.டி.ஆர். பூஜ்யம், ஆனாலும் கேட்வே நிறுவனம் தன் சேவைக்கென்று கட்டணம் வைத்திருக்கலாம். ரேட் கார்டைக் கேட்டு வாங்குங்கள். வாடிக்கையாளருக்கு ரீஃபண்ட் செய்தால் அந்தக் கட்டணத்தைப் பொதுவாகத் திருப்பித் தர மாட்டார்கள்.

கேட்வே விண்ணப்பம் தள்ளுபடி ஆவதற்கு வழக்கமான காரணம் பக்கங்கள் இல்லாமை. தொடர்பு முகவரி, ரீஃபண்ட் கொள்கை, அனுப்பும் கால அளவு, தனியுரிமைக் கொள்கை, நிபந்தனைகள் இவை ஐந்தும் இணையதளத்தில் இருந்த பிறகு விண்ணப்பியுங்கள். பான் கார்டில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

சார்ஜ்பேக் என்பது கார்டுக்காரர் தன் வங்கியிடமே போய்ப் பணத்தைத் திரும்பக் கேட்பது. பார்சல் சேர்ந்ததற்கான சான்றைக் குறித்த தேதிக்குள் அனுப்பாவிட்டால் பணம் போய்விடும். துணியில் அபூர்வம்தான்.

வரி

மாநிலத்துக்குள் மட்டும் சொந்தமாகப் பொருள் விற்றால், தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. ஆனால் ஒரே ஒரு நைட்டியை பெங்களூருக்கு விற்றாலும் அது வெளிமாநில விற்பனை. அதற்குப் பதிவு வேண்டும். வாட்ஸ்ஆப்பில் கேட்டார்கள் என்று அனுப்பிக்கொண்டிருந்தால் இதை முதலில் சரி செய்யுங்கள். மார்க்கெட்பிளேஸில் விற்க முன்பு எல்லோருக்கும் பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், அந்த வரம்புக்குள் இருப்பவர்கள் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் என்ரோல்மென்ட் எண் மட்டும் வாங்கி மாநிலத்துக்குள் விற்கலாம்.

பதிந்தால் கிடைக்கும் ஜி.எஸ்.டி.ஐ.என். 15 இலக்கம். தமிழ்நாட்டுக்கு 33 என்று ஆரம்பித்து அடுத்த பத்தில் உங்கள் பான் இருக்கும். எச்.எஸ்.என். என்பது பொருளின் வரிக் குறி எண். பின்னலாடை நைட்டி 6108, நெய்த துணி நைட்டி 6208. காட்டன் நைட்டி பெரும்பாலும் நெய்த துணிதான், 6208 போட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. தமிழ்நாட்டுக்குள் அனுப்பினால் பில்லில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பாதி பாதி, வெளிமாநிலத்துக்கு ஐ.ஜி.எஸ்.டி.

மார்க்கெட்பிளேஸ் செட்டில்மென்ட் ஷீட்டில் கமிஷன், க்ளோசிங் ஃபீ (விற்ற ஒவ்வொரு பொருளுக்கும் அவர்கள் பிடிக்கும் கட்டணம்), ஷிப்பிங் ஃபீ தவிர இரண்டு சின்னப் பிடித்தம் இருக்கும். டி.சி.எஸ். ஜி.எஸ்.டி.யைச் சேர்ந்தது, 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம். டி.டி.எஸ். வருமான வரியைச் சேர்ந்தது. 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம். இரண்டும் உங்கள் பணம்தான். டி.சி.எஸ்.ஸை ஜி.எஸ்.டி. போர்ட்டலில் நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் கேஷ் லெட்ஜருக்கு, அதாவது அந்தப் போர்ட்டலில் உங்கள் வரிப் பணம் நிற்கும் கணக்குக்கு, வரும், தானாக வராது. ஆடிட்டரிடம் மாதாமாதம் இதைக் கேளுங்கள்.

விளம்பரத்துக்குப் பணம் போடும் முன்

கடைக்கு வந்து பார்த்தவர்களில் எத்தனை சதவீதம் வாங்கினார்கள் என்பது கன்வர்ஷன் ரேட். கூடையில் போட்டு, பணம் கட்டாமல் போனால் அபாண்டன்ட் கார்ட். கடைசிப் பக்கத்தில் திடீரென்று கூரியர் கட்டணம் தெரிவதால் நிறையப் பேர் போய்விடுவார்கள். முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஓர் ஆர்டரின் சராசரித் தொகையை ஏ.ஓ.வி. என்பார்கள். ஒரு நைட்டியை 399க்கு விற்பதைவிட மூன்று நைட்டி காம்போவாக விற்றால் பேக்கிங்கும் அனுப்பும் செலவும் பகிர்ந்துவிடும், அதனால் நைட்டி வியாபாரத்தில் எல்லாவற்றையும்விட இந்த எண்ணை உயர்த்தப் பாருங்கள்.

விளம்பரத்துக்குப் போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் ஆர்டர் வந்தது என்பதை ஆர்.ஓ.ஏ.எஸ். என்பார்கள். விளம்பர ஏஜென்ட் 'மூணு வருது' என்பார், கேட்க நன்றாக இருக்கும். மேலே போட்ட கணக்கில் ப்ரீபெய்ட் ஆர்டர் ஒன்றுக்கு நிற்பது 91 ரூபாய். 399ஐ 91ஆல் வகுத்தால் 4.4. அதற்குக் கீழே எந்த எண் வந்தாலும் ஒவ்வொரு ஆர்டரிலும் கைக்காசு போகிறது. மூன்று என்றால் ஓர் ஆர்டரைப் பிடிக்க 133 ரூபாய் செலவு, உங்களிடம் இருப்பதோ 91. அதோடு, விளம்பரத் தளம் சி.ஓ.டி. ஆர்டர் விழுந்ததுமே அதை விற்பனையாக எண்ணிவிடும், பிற்பாடு அது ஆர்.டி.ஓ. ஆனது அதற்குத் தெரியாது. ஏஜென்ட் காட்டும் திரையை வைத்து முடிவெடுக்காமல், அந்தத் தேதிகளில் விழுந்த ஆர்டர்களில் எத்தனைக்குச் செட்டில்மென்ட்டும் ரெமிட்டன்ஸும் வந்தன என்று பார்த்து, அந்தத் தொகையை விளம்பரச் செலவால் வகுத்துக்கொள்ளுங்கள்.